எலெக்ட்ரானைக் கவரும் வாயுக்கள்

வரதய்யபாளையத்து வயல்களின்மேல் வடகிழக்குப் பருவமேகங்கள் திரண்டு மின்னும்போது, மின்னலின் வெப்பத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு உண்டாகின்றது. நிறமற்ற இவ்வாயு மேலும் மாறுதலுற்று, மழைநீரில் கரைந்து, சிறிதளவு உரமாக நிலத்தை வந்தடைகின்றது. உழவர் கேளாமற் பெறும் கொடை இது. வேதியியலார்க்கோ இவ்வாயு ஓர் உரைகல். பிற பொருள்களின் எலெக்ட்ரான் வேட்கை எத்தகையது என்பதை இதனைக்கொண்டு உரசிப் பார்க்கலாம்.

அஃது எவ்வாறு எனக் காண்போம். நைட்ரஜன் அணுவில் 7 எலெக்ட்ரான்கள், ஆக்ஸிஜன் அணுவில் 8. ஆகவே மூலக்கூற்றில் 15. இணை இணையாக அமைந்தவை போக, ஒன்று துணையின்றித் தனித்து நிற்கின்றது. அதனைப் பிரித்தெடுக்க 9.26 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆக்ஸிஜன் மூலக்கூற்றிலிருந்து ஒன்றைப் பறிக்க 12.07 வேண்டும். அவ்வொன்றை இழந்தபின் எஞ்சும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் முன்னினும் இறுகப் பிணைந்துகொள்கின்றன. ஆதலின், நைட்ரிக் ஆக்ஸைடை மனமுவந்து கொடுக்கும் கொடையாளி எனலாம்.

வாங்குவோர் யாவர்? ஓர் உலோக அணுவைச் சுற்றி ஆறு ஃப்ளோரின் அணுக்கள் அமைந்த ஹெக்ஸாஃப்ளோரைடுகளே. உலோகச் சேர்மம் என்றதும் கல்லும் உப்பும் போன்ற பொருள்களே நம் நினைவுக்கு வரும். இவையோ எளிதில் ஆவியாவன. டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளோரைடு 17 பாகை செண்டிகிரேடில் கொதிக்கும். மாலிப்டினத்தினுடையது 35 பாகையை ஒட்டிக் கொதிக்கும். நம் கோடை நண்பகலில் இரண்டும் வாயுவாகவே இருக்கும். யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடோ வெண்படிகம். 56 பாகையை அடைந்ததும் உருகாமலே ஆவியாகும். ஈரக்காற்று பட்டால் மூன்றும் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் ஃப்ளோரைடை வெளிவிடும். ஆகையால் இவற்றை ஈரம் புகாத உலோகக் கலங்களிலே கையாள்வர்.

இம்மூன்றையும் நைட்ரிக் ஆக்ஸைடுடன் கலந்து சோதித்தனர். மாலிப்டினமும் யுரேனியமும் எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டன. வாயுவும் வாயுவும் கூடிய இடத்தில் உப்பு போன்ற திண்மம் படிந்தது. டங்ஸ்டன் ஏற்கவில்லை! தோற்றத்தில் மாலிப்டினத்தின் உடன்பிறப்பு எனத்தக்க டங்ஸ்டன், இத்தகைய கொடையாளியிடமும் கைநீட்ட மறுத்தமை வியப்பேயாகும். உலோகம் மாறினால் வேட்கையும் மாறும் என்பது இதனால் தெளிவாயிற்று.

யுரேனியத்தின் நிலை இங்குத் தனியே கருதத்தக்கது. கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில் யுரேனியத் தாது வெட்டியெடுக்கப்படுகின்றது. கல்பாக்கத்துக் கனநீர் உலைகளுக்கு இயற்கை யுரேனியமே போதுமாதலால், ஹெக்ஸாஃப்ளோரைடு தேவைப்படுவதில்லை. கூடங்குளத்து உலைகளுக்கோ செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். செறிவூட்டுதற்கு அதனை முதலில் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவாக மாற்றியாகவேண்டும். இயற்கையில் ஃப்ளோரின் அணுக்கள் யாவும் ஒரே எடையுள்ளவை. எனவே, இவ்வாயுவின் மூலக்கூறுகளிடையே காணும் எடை வேறுபாடு யுரேனியத்தால் மட்டுமே நேர்வது. அவ்வேறுபாட்டைக்கொண்டே பிரிக்கின்றனர். வாயுவாகவே ஓடவேண்டிய இப்பொருள், நைட்ரிக் ஆக்ஸைடு கலப்பதால் குழாயினுள் திண்மமாகப் படியுமானால் என்னவாகும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

வேட்கையில் இவை அனைத்தையும் விஞ்சியது பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளோரைடு. கானடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த நீல் பார்ட்லெட், இஃது ஆக்ஸிஜனிடமிருந்தே எலெக்ட்ரானைப் பறித்துச் சிவந்த திண்மமாவதைக் கண்டார். ஆக்ஸிஜனுக்கு வேண்டிய ஆற்றலையும் ஸெனான் வாயுவுக்கு வேண்டியதையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. ஸெனானோ எதனோடும் சேராது என்று பாடநூல்கள் சாதித்துவந்த மந்த வாயு. 1962 மார்ச் 23 அன்று அவர் இரு வாயுக்களையும் ஒரு கலத்தில் கலந்தார். சூடேற்றவுமில்லை, நெடுநேரம் காத்திருக்கவுமில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அத்திண்மம் ஒரே சேர்மமன்று, பல சேர்மங்களின் கலவை என்பது பின்னாளைய ஆய்வுகளால் புலனாயிற்று.