கணக்கு சரி, நியாயம் எது?

கைதானவரை ஜாமீனில் விட்டால் மீண்டும் குற்றம் செய்வாரா? அமெரிக்காவின் பல இடங்களில் நீதிமன்றங்கள் இதைக் கணிக்க மென்பொருளின் உதவியை நாடுகின்றன. அவற்றில் பேர்போனது 'காம்பஸ்'. வயது, முந்தைய கைதுகள், வாழும் சூழல் போன்ற விவரங்களை வைத்து ஒருவருக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். இனம் என்னவென்று அது கேட்பதில்லை.

2016-ல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம், புளோரிடாவின் பிரோவார்ட் கவுண்டியில் கைதான 7,000-க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களைச் சரிபார்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த வழக்கிலும் சிக்காத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம் பேர் மீது 'ஆபத்தானவர்' முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையரில் இது சுமார் 23 சதவீதம்தான். மென்பொருளை உருவாக்கிய நார்த்பாயின்ட் இதை மறுத்தது. முத்திரை விழுந்தவர்களில் மீண்டும் சிக்கியோரின் விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றுதானே, பாகுபாடு எங்கே வந்தது என்று கேட்டது.

இருவர் கணக்கும் சரிதான். அது எப்படி?

நூறு நூறு பேராக இரு பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் 50 பேரும் இரண்டாவதில் 20 பேரும் மீண்டும் சிக்குகிறார்கள். மென்பொருள் முதல் பிரிவில் 60 பேருக்கு முத்திரை குத்துகிறது. அதில் 40 சரி. இரண்டாவதில் 15 பேருக்கு. அதில் 10 சரி. இரண்டிலும் துல்லியம் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் தப்பே செய்யாதவர்களில் வீண்பழி சுமப்போர் முதல் பிரிவில் 50-க்கு 20, இரண்டாவதில் 80-க்கு வெறும் 5.

மீண்டும் சிக்கும் விகிதம் பிரிவுக்குப் பிரிவு மாறும்போது, கணிப்பு பிசகே இல்லாமல் இருந்தாலொழிய, இத்தகைய நியாய அளவுகோல்கள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. ஜான் கிளைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே ஆண்டு இதைக் கணித வழியில் நிறுவினர். மென்பொருளைச் செம்மைப்படுத்தித் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது.

இன்னொரு சிக்கல், அந்த விகிதமே காவல்துறைப் பதிவுகளிலிருந்து வருவது. ரோந்து அதிகமுள்ள தெருவில் கைதும் அதிகம்; பிடிபடாத குற்றம் கணக்கில் ஏறாது.

விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2016-ல், தண்டனை விதிக்கும்போது இந்த மதிப்பெண்ணைப் பார்க்கலாம், ஆனால் அதுவே தீர்மானிக்கும் காரணமாகிவிடக் கூடாது என்றது. குறைகளைச் சுட்டும் எச்சரிக்கையையும் இணைக்கச் சொன்னது.

ஒரு குற்றவாளியைத் தடுக்க எத்தனை நிரபராதிகளை உள்ளே வைக்கலாம்? எந்த மதிப்பெண்ணில் 'ஆபத்து' என்று கோடு கிழித்தாலும் இதற்கு ஒரு விடை சொன்னதாகிவிடும். கிழிப்பவர் மனிதர், காரணமும் அவர்தான் சொல்லியாக வேண்டும்.