நிணநீர்ப் புற்றுநோய் மைய நரம்பு மண்டலத்துக்குப் பரவும்போது: சிகிச்சைப் பலனும் நோய் மீண்டும் வருதலும்

நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா) மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பரவியுள்ளது என்று மருத்துவர் கூறும்போது, “இனி சிகிச்சையால் பயன் உண்டா?” என்பதே பெரும்பாலான குடும்பங்களின் முதல் கேள்வி. இது கடுமையான நிலைதான். முன்பு இந்நிலையில் பலர் சில மாதங்களே வாழ்ந்தனர். இன்று ஒரு பகுதியினர் நீண்டகால நோய்த் தணிவைப் பெறுகின்றனர். நோய் எப்போது பரவியது, எவ்வளவு விரைவில் கண்டறியப்பட்டது, திட்டமிட்ட சிகிச்சையை முழுமையாக முடிக்க இயன்றதா ஆகிய மூன்றையும் பொறுத்தே பலன் பெரிதும் அமைகிறது. கடைசி இரண்டிலும் உங்களுக்கும் பங்கு உண்டு.

இது எத்தகைய நோய்?

மூளை, தண்டுவடம், அவற்றைச் சூழ்ந்த உறைகள், அவ்வுறைகளுக்கிடையே ஓடும் நீர் ஆகியவை மைய நரம்பு மண்டலத்தில் அடங்கும். கண்ணின் உட்பகுதியும் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. நோய் உடலின் வேறு பகுதியில் தோன்றிப் பின்னர் இங்குப் பரவினால், அது இரண்டாம்நிலை மைய நரம்பு மண்டல லிம்போமா எனப்படும். இப்பக்கம் இதனைப் பற்றியதே. மூளையிலேயே முதலில் தோன்றும் லிம்போமா வேறு வகை. எனினும் இரண்டின் சிகிச்சையிலும் பல மருந்துகள் பொதுவானவை.

பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தீவிர வகை, பரவலான பெரிய பி செல் லிம்போமா. இந்நோயுள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு மைய நரம்பு மண்டலப் பரவல் ஏற்படுகிறது. பர்கிட் லிம்போமா, லிம்போபிளாஸ்டிக் லிம்போமா ஆகியவற்றில் இந்த அபாயம் அதிகம் என்பதால், அவற்றுக்கான சிகிச்சையில் தொடக்கத்திலேயே தடுப்பு மருந்துகள் சேர்க்கப்படுகின்றன.

யாருக்கு அபாயம் அதிகம்?

பரவலான பெரிய பி செல் லிம்போமாவில் மருத்துவர்கள் ஆறு காரணிகளைக் கணக்கில் கொள்கின்றனர்:

- 60 வயதுக்கு மேற்பட்டிருத்தல்
- இரத்தத்தில் எல்.டி.எச். அளவு உயர்ந்திருத்தல்
- அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத அளவு உடல் தளர்ந்திருத்தல்
- நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் இருத்தல்
- நிணநீர்ச் சுரப்பிகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் நோய் இருத்தல்
- சிறுநீரகம் அல்லது அட்ரினல் சுரப்பியில் நோய் இருத்தல்

இவற்றில் ஒன்று மட்டும் இருப்பவர்களிடமும் எதுவும் இல்லாதவர்களிடமும், இரண்டு ஆண்டுகளுக்குள் மைய நரம்பு மண்டலத்தில் நோய் தோன்றும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவை இருந்தால் அது ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது, அதிக அபாயப் பிரிவில் உள்ளவர்களிலும் 10 பேரில் 9 பேருக்கு இப்பரவல் ஏற்படுவதில்லை. விரையில் தோன்றும் லிம்போமாவுக்கு இக்கணக்கீட்டுக்கு அப்பாலும் தனிக் கவனம் தேவை.

இப்பரவல் பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், குறிப்பாக முதல் ஆண்டில், வெளிப்படுகிறது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தோன்றுவதும் உண்டு.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

- நாளுக்கு நாள் கூடும் தலைவலி, குறிப்பாகக் காலையில் வாந்தியுடன் வருவது
- புதிதாக வந்த வலிப்பு
- குழப்பம், மறதி, பேச்சில் தடுமாற்றம், குணத்தில் மாற்றம், மிகுந்த தூக்கம்
- ஒரு கை, ஒரு கால் அல்லது முகத்தின் ஒரு பக்கம் பலமிழத்தல்
- பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல், கண்முன் புள்ளிகள் மிதத்தல்
- கீழுதடும் முகவாயும் ஒரு பக்கமாக மரத்துப்போதல்
- கடும் முதுகுவலி, கால்கள் தளர்தல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல்

இவற்றுள் சிலவற்றை “மருந்தின் பக்கவிளைவு”, “வயதின் தளர்ச்சி” என்று வீட்டில் ஒதுக்கிவிடுவதுண்டு. வின்கிரிஸ்டின் மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போவது பொதுவாக இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏற்படும் மரப்போ பலவீனமோ வேறு காரணத்தைக் காட்டக்கூடும். குணமாற்றத்தை நோயாளி தாமே உணர்வது அரிது. உடனிருப்பவரே அதை முதலில் காண்பார். ஆகவே பராமரிப்பாளர் கூறும் செய்தி மருத்துவருக்கு மிகவும் முக்கியமானது.

வலிப்பு, நினைவிழத்தல், திடீர்ப் பலவீனம், கால்கள் செயலிழத்தல் ஆகியவை ஏற்பட்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழைத்து, உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்.

உறுதிசெய்யும் பரிசோதனைகள்

மாறுபாட்டு மருந்து செலுத்தி எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. முதன்மையான பரிசோதனை. முதுகுத்தண்டு நீரை எடுத்து அதில் புற்றணுக்கள் உள்ளனவா என்று பார்ப்பது அடுத்தது. நுண்ணோக்கியில் புற்றணுக்கள் தென்படாமல் போகலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரி எனும் முறை கூடுதல் நுட்பமுடையது. எனவே முதல் முடிவு இயல்பாக இருந்தும் மருத்துவர் மீண்டும் ஒருமுறை நீர் எடுக்கக் கோரினால், அதற்குக் காரணம் உண்டு.

முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேயே செலுத்தப்படுகிறது. சில நாள் தலைவலி வரலாம். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கட்டியை விரைவாகச் சுருக்கி, ஓரிரு நாளில் நலம் தரக்கூடும். இது நோய் குணமானதன் அடையாளம் அன்று. இந்தப் பலன் பெரும்பாலும் தற்காலிகமானது. திசுப் பரிசோதனைக்கு முன் இம்மருந்தைக் கொடுத்தால் நோயைக் கண்டறிவதும் கடினமாகலாம். இதனைத் தாமாகத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது.

சிகிச்சை எவ்வாறு அமைகிறது?

மூளையின் இரத்தக் குழாய்களில் இயற்கையான தடுப்பு ஒன்று உள்ளது. நச்சுப் பொருள்கள் மூளைக்குள் புகாமல் அது காக்கிறது. பல புற்றுநோய் மருந்துகளையும் அதுவே தடுத்துவிடுகிறது. லிம்போமாவுக்கு வழக்கமாக அளிக்கப்படும் ஆர்-சாப் சிகிச்சை உடலின் பிற பகுதிகளில் நன்கு செயல்பட்டாலும், மூளையில் போதுமான அளவு சேர்வதில்லை. உடலில் நோய் தணிந்தபின்னும் மூளையில் அது தலைதூக்குவதற்கு இது ஒரு காரணம்.

எனவே இத்தடுப்பைக் கடக்கும் மருந்துகள் தேவை. உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் இவற்றில் முதன்மையானது. சைட்டராபின், தையோட்டெபா, ரிட்டக்சிமாப் ஆகியவை தேவைக்கேற்பச் சேர்க்கப்படும். உறைகளிலும் நீரிலும் நோய் இருந்தால், முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்தப்படலாம். உடலின் பிற பகுதிகளிலும் நோய் இருந்தால் அதற்கான மருந்துகளும் தரப்படும்.

நோய் தணிந்தபின், அத்தணிவை நிலைநிறுத்தும் கட்டம் தொடங்கும். தகுதியுள்ளவர்களுக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்களை முன்கூட்டியே சேகரித்து வைத்து, மிக உயர் அளவு மருந்து அளித்தபின் அச்செல்களைத் திரும்பச் செலுத்துவர். இது தன் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. வயது, இதயம், சிறுநீரகம், உடல்வலிமை ஆகியவற்றைக் கருதியே இது முடிவாகும். மூளை முழுவதற்குமான கதிர்வீச்சு நோயைக் கட்டுப்படுத்த உதவினாலும், பிற்காலத்தில் நினைவாற்றலையும் நடையையும் பாதிக்கக்கூடும். முதியோரிடம் இப்பாதிப்பு அதிகம் என்பதால் ஆய்ந்தே பரிந்துரைக்கப்படுகிறது.

மெத்தோட்ரெக்சேட் பெறும் நாட்களில்

இம்மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதற்காகவே அதிக அளவு திரவம், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சோடியம் பைகார்பனேட், நச்சுத்தன்மையை முறிக்கும் லியூகோவோரின் ஆகியவை தரப்படுகின்றன. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதுகாப்பான நிலைக்கு இறங்கும்வரை மருத்துவமனையில் தங்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள், கோட்ரைமாக்சசோல், அமாக்சிசிலின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை இம்மருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். கடையில் வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்து உள்ளிட்ட அனைத்தையும் மருத்துவரிடம் கூறவும். சிகிச்சைக்குப் பின் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவமனைக்கு வரவும்.

புள்ளிவிவரங்களை எவ்வாறு புரிந்துகொள்வது?

மேரியேட்டா எனும் பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2021ஆம் ஆண்டு வெளியாயின. 70 வயது வரையிலான 75 நோயாளிகளுக்கு மேற்கூறிய வகைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் 100க்கு 58 பேரிடம் நோய் முன்னேறவில்லை. ஏறத்தாழப் பாதிப்பேரே ஸ்டெம் செல் மாற்று நிலையை எட்டினர். அவ்வாறு எட்டியவர்களில் 100க்கு 80 பேருக்கும் மேல் இரண்டு ஆண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தனர்.

இந்த இரண்டாவது எண்ணிக்கையைக் கவனத்துடன் காண வேண்டும். நோய் மருந்துக்கு நன்கு கட்டுப்பட்டவர்களும் உடல்வலிமை உள்ளவர்களுமே அந்நிலையை எட்டுகின்றனர். ஆகவே உயர்ந்த பலன் முழுவதும் மாற்றுச் சிகிச்சையால் மட்டும் வந்ததன்று. அதே வேளையில், தொடங்கிய சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பதன் பயனையும் அது காட்டுகிறது. ஆய்வுகளில் சேர்க்கப்படுவோரைவிட வயது முதிர்ந்தவர்களுக்கும், வேறு நோயுள்ளவர்களுக்கும் பலன் குறைவாக இருக்கலாம்.

பொதுவாக, லிம்போமா முதலில் கண்டறியப்படும்போதே மூளையிலும் இருந்தால், உடலிலும் மூளையிலும் ஒருசேர மீண்டும் வந்த நிலையைவிடப் பலன் மேம்பட்டது. முதல் சில சுற்று மருந்துக்கே நோய் கட்டுப்படுவது நல்ல அறிகுறி.

நோய் மீண்டும் வந்தால்

சிகிச்சைக்குப் பின்னர் நோய் மீண்டும் வந்தால், அது முன்பிருந்த இடத்திலோ மைய நரம்பு மண்டலத்தின் வேறு பகுதியிலோ உடலின் பிற உறுப்பிலோ தோன்றலாம். முந்தைய சிகிச்சை முடிந்து நீண்ட காலம் கழித்து வந்திருந்தால், மெத்தோட்ரெக்சேட்டை மீண்டும் பயன்படுத்த இயலும். ஐப்ரூட்டினிப், லெனலிடோமைடு ஆகிய மாத்திரைகளும் மூளையை அடைந்து சிலரிடம் பலன் தருகின்றன. ஆனால் அப்பலன் பலரிடம் நெடுநாள் நீடிப்பதில்லை.

நோயாளியின் சொந்த டி செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சை புதிய வாய்ப்பாகும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இத்தகைய சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. மூளையில் நோயுள்ள சிலருக்கும் கார்-டி சிகிச்சை பலனளித்துள்ளது. எனினும் அதுவே குழப்பம், பேச்சிழப்பு, வலிப்பு போன்ற நரம்புப் பாதிப்புகளையும் உண்டாக்கலாம். செலவும் மிக அதிகம். இது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சிறப்பு மையத்தின் மருத்துவக் குழுவே முடிவுசெய்ய இயலும்.

நோயைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்கு உடல் தாங்காத நிலையும் வரலாம். அப்போதும் வலி, வாந்தி, வலிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்க வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை உண்டு. இதனைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ச் சிகிச்சையுடன் சேர்த்துப் பெறலாம். நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பங்களைக் கேட்டறிவது, பின்னர் குடும்பத்தினரின் மனச்சுமையைக் குறைக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- நோய் மூளைத் திசுவிலா, உறைகளிலா, நீரிலா? கண்களைப் பரிசோதிக்க வேண்டுமா?
- இச்சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா?
- எத்தனை சுற்றுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பலனை அறிவோம்?
- ஸ்டெம் செல் மாற்றுக்கு நாங்கள் தகுதி உடையவர்களா? இல்லையெனில் வேறு வழி என்ன?
- இரவில் அவசரம் ஏற்பட்டால் யாரை அழைப்பது?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் பல அடங்கும். உங்கள் மருத்துவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அதில் உள்ளதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில், சிகிச்சை தொடங்கும் முன்னரே கேட்டறியவும். பணமின்மையால் ஒரு சுற்றையும் தவறவிட வேண்டாம். இடர் வருமுன் சமூகப் பணியாளரிடம் தெரிவிக்கவும். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

சிகிச்சை முடிந்தபின், குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகள், குறித்த நாளில் பரிசோதனைக்கு வருவது அவசியம். நலமாக உணர்ந்தாலும் வரவும். இடையில் புதிய அறிகுறி ஏதேனும் தோன்றினால், அதன் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த முறை என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரை அணுகவும்.