கத்தரிக்குத் தப்பிய முத்தங்கள்!

ஒரு நடிகர். ஒரு நடிகை. கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துப் பேசுகிறார்கள். நடிகர் மீசையை நீவி விட்டுக்கொள்கிறார். முத்தம் கொடுக்கிறார். படம் முடிந்துவிட்டது!

1896-ம் ஆண்டு அமெரிக்காவில் எடிசன் கம்பெனி எடுத்த படம் இது. பெயரே "முத்தம்"தான். ஓடும் நேரம் சுமார் 20 விநாடி. அதற்கே கூச்சல் கிளம்பியது. போலீசார் தலையிட வேண்டும் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அன்று தொடங்கியது, முத்தத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் சண்டை!

பூ செய்த தந்திரம்

1930-ல் "மொராக்கோ" என்ற படம் வந்தது. அதில் மார்லின் டீட்ரிச் பாடகியாக நடித்தார். ஆண்களைப்போல் கோட்டும் உயரமான தொப்பியும் அணிந்து வருவார். பாட்டு முடிந்ததும், ஒரு பெண்ணிடம் பூ ஒன்றை வாங்குவார். சட்டென்று குனிந்து அவள் உதட்டில் முத்தமிடுவார். பிறகு அந்தப் பூவைக் கதாநாயகன் கேரி கூப்பரிடம் வீசுவார்.

முத்தத்தை வெட்டினால், பூ எப்படி வந்தது என்பது புரியாது! முத்தம் படத்தில் நின்றது.

கோழிக் குழம்பும் முத்தமும்

1934-ல் ஹாலிவுட் தணிக்கை விதிகள் கடுமையாயின. நீண்ட முத்தம் கூடாது. ஆணை ஆணோ, பெண்ணைப் பெண்ணோ காதலிப்பதாகக் காட்டவே கூடாது.

டைரக்டர் ஹிட்ச்காக் ஒரு வழி கண்டார். 1946-ல் வந்த "நட்டோரியஸ்" படத்தில் கேரி கிராண்டும் இங்கிரிட் பெர்க்மனும் முத்தமிடுவார்கள், விலகுவார்கள். கோழி சமைப்பதைப்பற்றிப் பேசுவார்கள். மீண்டும் முத்தம். டெலிபோன் பேசும்போதும் முத்தம். ஒவ்வொன்றும் சிறியது. காட்சி முழுவதும் சுமார் 2½ நிமிடம்!

கதவருகே மனைவி

ஆணும் பெண்ணும் காதலித்தால் இப்படி ஒரு வழி இருந்தது. ஆணும் ஆணும் காதலித்தால்? அந்தத் தடை 1961 வரை நீடித்தது.

2005-ல் ஆங் லீ டைரக்ட் செய்த "புரோக்பேக் மவுண்டன்" வந்தது. மலையில் ஆடு மேய்க்கப்போன இரண்டு வாலிபர்கள் காதல் கொள்கிறார்கள். ஊருக்குப் பயந்து பிரிகிறார்கள். ஆளுக்கொரு கல்யாணமும் ஆகிவிடுகிறது. 4 ஆண்டு கழித்து ஒருவன் மற்றவனைத் தேடி வருகிறான். வீட்டில் இருந்தவன் மாடிப்படியில் ஓடி இறங்குகிறான். கட்டித் தழுவி முத்தமிடுகிறார்கள். கதவைத் திறந்த மனைவி அதைப் பார்த்துவிடுகிறாள்!

அவள் என்ன குற்றம் செய்தாள்? அவர்கள்தான் என்ன குற்றம் செய்தார்கள்? மறைத்து வாழ நேர்ந்ததால் எல்லோருக்கும் துன்பம். இந்தப் படத்துக்காக ஆங் லீ ஆஸ்கார் பரிசு பெற்றார்.

வெட்டிய துண்டுகள்

வெட்டிய முத்தங்கள் எங்கே போயின? 1988-ல் வந்த "சினிமா பாரடைசோ" என்ற இத்தாலியப் படம் ஒரு பதில் சொல்கிறது.

கிராமத்துக் கொட்டகை. முத்தக் காட்சி வந்தால் பாதிரியார் மணி அடிப்பார். ஆபரேட்டர் ஆல்பிரடோ அதை வெட்டிவிடுவார். சிறுவன் டோட்டோ அந்தத் துண்டுகளைக் கேட்பான். கிடைக்காது.

டோட்டோ வளர்ந்து பெரிய டைரக்டர் ஆகிறான். ஆல்பிரடோ இறந்தபின் அவனுக்கு ஒரு பிலிம் சுருள் கிடைக்கிறது. போட்டுப் பார்க்கிறான். அன்று வெட்டிய முத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன! டோட்டோ கண்ணீரோடு சிரிக்கிறான்.

கிழவர் அவற்றைத் தூக்கி எறியவே இல்லை!