சீமை மோட்டார்களும் ஏரல் கடைத்தெருவும்

ஆடி அமாவாசை தினத்தில் ஏரலுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாய்த் தெரியும்: மோட்டார் வண்டிக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது! சேர்மன் அருணாசல சுவாமி கோயிலை நோக்கி ஜனசமுத்திரம் திரண்டு வருகிறது. ஊருக்கு ரயில் இல்லை. குரும்பூரில் இறங்கினாலும் தாமிரபரணியைத் தாண்டிச் சாலை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். ஆகவே, பழைய சீமை மோட்டார்களின் யோக்கியதையை விளம்பரப் படங்களைக் கொண்டு நிர்ணயிக்காமல், மனக்கண்ணால் இந்தக் கடைத்தெருவிலேயே நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் தயாரானது. கம்பிச் சக்கரம், நீண்ட மூக்கு, மடக்குக் கூரை, 1250 ஸி.ஸி. யந்திரம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஆசனம் இரண்டே பேருக்கு! பாட்டியையும் பேரக் குழந்தைகளையும் கட்டுச்சோற்று மூட்டையையும் எங்கே ஏற்றுவது? ஓட்டுகிறவருடைய உல்லாசத்துக்காகவே பிறந்த வண்டி அது.

இரண்டாவது, மோரிஸ் ஆக்ஸ்போர்டு. இதன் மூன்றாம் வரிசையே நம் நாட்டில் அம்பாஸடர் ஆயிற்று. வேகத்தில் சாது, இடத்தில் தாராளம். ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டு மேடு பள்ளங்களில் அலுங்காமல் போகும். தாய்நாட்டில் 1959லேயே விடைபெற்ற அந்த உருவம், வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உயிரோடிருந்தது.

மூன்றாவது, 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஏரல் போன்ற ஊரின் குறுகிய தெருவுக்கு இது வரப்பிரசாதமல்லவா? முன்பக்கம் முழுவதையும் தூக்கிச் சாய்த்தால் யந்திரமும் சக்கரங்களும் கண்ணெதிரே தெரியும். மரத்தடி மெக்கானிக்குக்கு வேறென்ன வேண்டும்? இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஒரே எலும்பு, ஒன்று குடும்பஸ்தன், மற்றொன்று பிரம்மசாரி!

ஹெரால்டிடம் குறையும் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு. பாரம் மிகுந்தால் அவை கோணிக்கொள்ளும். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் இருக்கிறது. இங்கிலாந்தில் என்றுமே நான்கு கதவு காணாத ஹெரால்டுக்குச் சென்னைக்காரர்கள் நான்கு கதவு வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பின் அச்சையும் மாற்றி, நம் சாலைக்கும் சுமைக்கும் ஏற்ற உறுதியான அச்சைத் தாங்களே செய்து பொருத்தினார்கள். அதுவே 'கெஸல்'; 1977 வரை வெளிவந்தது.

நீண்ட ஆயுளில் வெற்றி அம்பாஸடருக்கே, சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் போட்டி குறைந்த சந்தையில் கிடைத்த ஆயுள் அது. ஹெரால்டு அற்பாயுள்தான், எனினும், இரவல் வாங்கிய சட்டையை நம் உடம்புக்கு வெட்டித் தைக்கும் துணிவு அதில் தெரிந்தது.

ஏரலுக்கு அருகிலுள்ள தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கப்பல்களை அயல்நாட்டில்தான் வாங்க நேர்ந்தது. செலுத்தும் உரிமையே அன்று பெரும் போராட்டம். வாங்குவது முதற்படி, செலுத்துவது இரண்டாம் படி, நமக்குத் தகுந்தபடி திருத்தி அமைப்பதே மூன்றாம் படி. அந்த மூன்றாம் படியில் கால் வைத்த வண்டிக்கே ஏரல் கடைத்தெருவில் நாம் முதல் மார்க்குக் கொடுப்போம்.