தேய்ந்த கிளச்சை வீட்டில் மாற்றுதல்

மோட்டார் வண்டியின் இயந்திரம் ஓயாது சுழல்வது. சில்லுகளோ நிற்கவும் ஓடவும் வேண்டியவை. இவ்விரண்டையும் வேண்டியபோது சேர்த்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளச். இயந்திரத்தின் முனையில் பிளைவீல் எனப்படும் கனத்த இரும்புச் சில்லு சுழல்கிறது. அதனை அடுத்து, இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத்தட்டு உண்டு. அத்தட்டை வில்லின் பலத்தால் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது அமுக்குத் தட்டு. சாரதி மிதியை அழுத்தும்போது றிலீஸ் பெயாரிங் என்னும் உறுப்பு அவ்வில்லைத் தள்ள, பிடி தளர்கிறது. மிதியை விடும் ஒவ்வொரு முறையும் வட்டத்தட்டு சிறிது வழுக்கிய பின்னரே பிடித்துக்கொள்கிறது. ஆதலின் அது தேய்வது இயல்பே.

கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீதிகளிலும் ஆமர் வீதி நெரிசலிலும் நின்று நின்று ஓடும் வண்டியில் இத்தேய்வு விரைவாகும். மிதிமேல் எந்நேரமும் காலை வைத்திருக்கும் பழக்கம் அதனை மேலும் விரைவாக்கும். கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் இயந்திரத்தின் இரைச்சல் உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராதிருத்தல், கருகிய நாற்றம் வருதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஆயினும் உடனே எதனையும் கழற்றலாகாது. கிளச் கேபிள் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தாலும் தட்டு வழுக்கும். அதனைச் சீர்செய்து பார்த்தும் பயனில்லையாயின், அப்பொழுதே தட்டை மாற்ற வேண்டும்.

முன்சில்லுகளால் இழுக்கப்படும் வண்டிகளில் இவ்வேலைக்குத் தனி இயல்பு உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த மினி வண்டியில் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டது. கியர்ப்பெட்டி அதன் அடியில் அமைந்தது. அதன் கிளச் பக்கவாட்டில் இருப்பதால், பிளைவீலை இழுத்தெடுக்கும் தனிக்கருவி கொண்டு, இயந்திரத்தை இறக்காமலே மாற்ற முடியும். பின்னர் 1964 இல் வந்த ஓட்டோபியாங்கி பிரிமுலாவில் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே வரிசையில் குறுக்காக நின்றன. மாருதி 800 உட்பட இன்றைய சிறு வண்டிகள் பெரும்பாலும் இம்முறையையே தழுவியவை. இவற்றில் கிளச் இரண்டுக்கும் நடுவே மறைந்திருக்கிறது. கியர்ப்பெட்டியை விலக்கினாலன்றி அதனைக் காண இயலாது.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி தடுக்கப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில் நீங்கும்வரை, பழைய வண்டியைப் பேணுவதே பலருக்கும் வழியாயிற்று. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் உள்ளமை ஒரு வசதி. தட்டு, அமுக்குத் தட்டு, பெயாரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். ஒன்றை மட்டும் மாற்றிப் பிறிதொன்று பின்னர் பழுதானால் முழு வேலையையும் மீண்டும் செய்ய நேரும். பழைய தட்டைக் கையோடு கொண்டு சென்று, அதன் விட்டத்தையும் நடுத்துளையின் பற்களையும் புதியதோடு ஒப்பிட்டு வாங்குதல் நன்று.

வேலையில் முதன்மையானது உயிர்க்காப்பு. வண்டியோடு வரும் ஜக் சில்லு மாற்றுவதற்கானது. அதனை நம்பி வண்டியின் கீழ் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல்லும் பாரம் தாங்காது வெடிக்கக்கூடும். சமமான உறுதியான தரையில் பின்சில்லுகளுக்கு ஆப்பு வைத்து, வண்டியின் பாரத்துக்கேற்ற இரும்புத் தாங்கிகளின்மேல் அதனை இருத்த வேண்டும். கியர்ப்பெட்டியை இறக்க இருவர் தேவை. சரிவான வீதியும் மண்தரையும் இவ்வேலைக்கு உதவா.

முதலில் பற்றரி இணைப்பை நீக்குக. சில்லுத்தண்டுகளின் பெரிய நட்டுகளை, சில்லுகள் தரையில் நிற்கும்போதே தளர்த்துக. வண்டியை உயர்த்தியபின் கியர் எண்ணெயை வடித்து, தண்டுகளை வெளியே இழுத்து, கேபிள்களையும் ஸ்டார்ட்டரையும் கழற்றுக. இயந்திரத்தைக் கீழிருந்து தாங்கிய பின்னரே கியர்ப்பெட்டியின் போல்ட்டுகளை அகற்ற வேண்டும். பழைய தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கக் கூடுமாதலால், தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே எண்ணெய் படிந்திருப்பின் அதன் கசிவை நிறுத்திய பின்னரே புதிய தட்டைப் பொருத்தலாம். இன்றேல் அதுவும் வழுக்கும்.

பொருத்துகையில் தட்டின் எந்த முகம் பிளைவீலை நோக்க வேண்டும் என்பதைக் கவனித்து, நடுப்படுத்தும் கருவியால் நேராக நிறுத்துக. அமுக்குத் தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. கியர்ப்பெட்டியின் பாரம் தட்டின் நடுவில் தொங்கினால் தட்டு வளைந்துவிடும். புதிய எண்ணெய் இட்டு, மிதியின் தளர்வைச் சீர்செய்து, முதல் சில நாட்கள் மென்மையாக ஓட்டுதல் வேண்டும்.

பொறுமையும் தக்க கருவிகளும் துணைக்கு ஒருவரும் உள்ளவர் இதனைச் செய்து முடிக்கலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வண்டியைக் கராஜுக்கு அனுப்புவதே தக்கது. அங்கேயும் மூன்று உறுப்புகளும் மாற்றப்பட்டனவா, எண்ணெய்க் கசிவு பார்க்கப்பட்டதா என்று கேட்டறிய இவ்வறிவு பயன்படும்.