வீடு வாங்குற பணம் ஒரே மெயிலில் மாயம்... டைட்டில் கம்பெனி வெப்சைட் எப்படி இருக்கணும்?

அமெரிக்காவில் வீடு வாங்கிய சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், பேச்சில் 'டைட்டில் கம்பெனி' என்ற பெயர் வந்துவிடும். நம்ம ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, தாய்ப்பத்திரத்தோடு வக்கீலிடம் போய் லீகல் ஒப்பீனியன் வாங்குவது என நாமே அலைவோம். அங்கே பல மாகாணங்களில் இந்த வேலையை டைட்டில் கம்பெனி பார்க்கிறது. சொத்தின் பழைய பதிவுகளை அலசி, பின்னாளில் உரிமைச் சிக்கல் வந்தால் இழப்பீடு கிடைக்க இன்சூரன்ஸும் கொடுக்கும். பிரீமியம் ஒரே ஒரு முறைதான். வாங்குபவரின் பணத்தை எஸ்க்ரோ கணக்கில் வைத்திருந்து, கையெழுத்து முடிந்ததும் விற்பவருக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

அதாவது ஒருத்தரோட ஆயுள் சேமிப்பும், அடையாள ஆவணங்களும் ஒரே இடத்தில். அதனால்தான் இந்த கம்பெனிகளின் வெப்சைட் விஷயத்தில் அழகு இரண்டாம்பட்சம்.

நம்பரை மாற்றினால் அடுத்தவர் ஆவணம்!

2019 மே மாதம் ஒரு செய்தி அமெரிக்காவை அதிர வைத்தது. அந்நாட்டின் பெரிய டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனங்களில் ஒன்றான ஃபர்ஸ்ட் அமெரிக்கனின் வெப்சைட்டில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் திறந்தே கிடந்தன. 2003 முதலான வங்கிக் கணக்கு எண்கள், சமூகப் பாதுகாப்பு எண்கள், டிரைவிங் லைசென்ஸ் படங்கள் எல்லாம் அதில் அடக்கம். பாதுகாப்புத் துறை பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளிக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் லிங்க்கில் ஆவண எண் அப்படியே இருந்தது. அந்த எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றினால் வேறொருவரின் ஆவணம் திறந்துவிடும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. இதைவிடக் கொடுமை, அந்த நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு சில மாதங்களுக்கு முன்பே இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தது. ஆனால் சரிசெய்யப்படவில்லை. 2021-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சுமார் 4.87 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2023-இல் நியூயார்க் மாகாணத்துடனான சமரசத்தில் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதானது.

லிங்க் வைத்திருப்பவர் யார் என்று ஒவ்வொரு முறையும் வெப்சைட் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

மெயிலில் வரும் புது அக்கவுண்ட்

இன்னொரு ஆபத்து வாசலுக்கு வெளியே. கையெழுத்துத் தேதி நெருங்கும்போது, கம்பெனி அனுப்பியது போலவே ஒரு மெயில் வரும். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடுங்கள்" என்று இருக்கும். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்? இப்படி மெயிலை வைத்து நடக்கும் மோசடிகளில் 2023-இல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்கிறது எஃப்பிஐ. இது எல்லாத் தொழில்களையும் சேர்த்த கணக்கு. வீடு வாங்குவோர் இதில் சுலபமான இலக்கு, ஏன்னா பெரிய தொகை ஒரே நாளில் கைமாறுகிறது.

அப்போ முகப்பில் என்ன வேணும்?

சிரிக்கும் குடும்பத்தின் போட்டோவைத் திரை முழுக்கப் போட்டுவிட்டு, போன் நம்பரை அடியில் பொடி எழுத்தில் வைத்தால் பிரயோஜனமில்லை. நம்பர் மேலேயே இருக்க வேண்டும், மொபைலில் தொட்டதும் கால் போக வேண்டும். பக்கத்திலேயே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள், இந்த எண்ணில் கேளுங்கள்" என்ற வரி. கணக்கு விவரம் சாதாரண மெயிலில் போகவே கூடாது, ஓடிபி கேட்கும் லாகினுக்குள் மட்டும்தான் தெரியணும். கட்டண விவரமும் வெளிப்படையாக இருக்கட்டும். டைட்டில் கம்பெனியை நாலு இடத்தில் விசாரித்துத் தேர்ந்தெடுக்க அங்கே வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு.

பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பட்டன் தேவை. முதலில் தன் வங்கிக்குப் போன் செய்து பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும், அடுத்து எஃப்பிஐ-யின் ஐசி3 தளத்தில் புகார். நாள் கடந்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும்.