எல்லைக் கல்லில் வைத்த காசு

பேக்வெல் என்றதும் பாதாம் மணக்கும் புட்டிங்தான் பலருக்கும் ஞாபகம் வரும். இங்கிலாந்தில், டார்பிஷயரில் உள்ள சின்னச் சந்தை ஊர் அது. திங்கள்கிழமை தோறும் சந்தை. எனக்கென்னவோ புட்டிங்கைவிடப் பக்கத்துக் கிராமமான ஈம்தான் மனசில் நிற்கிறது.

1665-ல் லண்டனிலிருந்து அங்கே ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்ததாம். ஈரமாயிருக்கே என்று கணப்பருகே உலர்த்தினார்களாம். கூடவே தெள்ளுப்பூச்சியும் வந்ததை யார் கண்டார்கள்? சில நாளில் பிளேக்!

1666 ஜூனில், யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாமென்று பாதிரியார் வில்லியம் மாம்பெஸன் கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாதே! ஜனங்களும் சம்மதித்தார்கள். வெளியூர்க்காரர்கள் சாமான்களை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள் ஈம் மக்கள். கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

எலிசபெத் ஹான்காக் என்ற தாயை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. அந்த ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரும் 6 குழந்தைகளும் போய்விட்டார்கள். அத்தனை பேரையும் அவளே புதைத்தாள். பாதிரியாரின் மனைவி காதரீனும் அதே மாதம் இறந்தாள். குழந்தைகளை முன்பே வெளியூர் அனுப்பியும், கணவரை விட்டுப் போக மறுத்தவள்.

14 மாதத்தில் சுமார் 260 பேர் மாண்டார்கள். சுற்றுக் கிராமங்கள் தப்பின. இன்றும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஈமில் நினைவு வழிபாடு உண்டு. ஹான்காக் குடும்பத்தின் கல்லறைகளைச் சுற்றி, வயல் நடுவே ஒரு சின்னக் கற்சுவர் நிற்கிறது.